மன டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்?

"இவனைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்கவேண்டும்!"

யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் இப்படிக் கேலி செய்வது நம் வழக்கம். சினிமாவிலும் இதே கேலிதான். இதற்குப் பயந்தே பலர் வைத்தியத்துக்குப் போவதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. இருதயத்தைச் சோதித்தார்கள். கோளாறு இல்லை. "மன டாக்டரைப் பாருங்கள்" என்றார்கள். வீட்டில் ஒரே அழுகை! "மாப்பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று மாமியார் கேட்கிறார்.

பைத்தியம் அல்ல. கவலை நோயாக இருக்கலாம். குணப்படுத்தக்கூடிய நோய்.

முதல் நாள்

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம் எப்படி? பசி எப்படி? குடிப்பது உண்டா? கடன் இருக்கிறதா? "செத்துவிடலாம் என்று தோன்றியதா?" என்றும் டாக்டர் கேட்பார். திடுக்கிடவேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும். ரத்தமும் எடுக்கலாம். தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பு வரும்.

சொன்னது வெளியே போகுமா? நோயாளியின் ரகசியத்தைக் காக்கவேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சமயங்களில் மட்டும் விலக்கு உண்டு.

மாத்திரை

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை, தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி முதல் வாரத்திலேயே வரலாம். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஐந்தாம் நாளே தூக்கி எறிந்துவிடுகிறார்கள்! வேறு சிலர், குணம் தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். நோய் திரும்பி வருகிறது. நன்றாக ஆன பிறகும் வழக்கமாக 6 மாதமாவது சாப்பிடவேண்டும். நிறுத்துவதும் டாக்டர் சொல்படி, சிறிது சிறிதாகத்தான்.

சில மாத்திரைகள் தூக்கம் தரும். மெஷினில் நிற்பவரும் லாரி ஓட்டுபவரும் தங்கள் வேலையையும் ஷிப்டு நேரத்தையும் டாக்டரிடம் அவசியம் சொல்லவேண்டும்.

பேச்சு வைத்தியம்

இதில் மாத்திரை இல்லை. மனநல நிபுணருடன் வாரம் ஒரு தடவை, முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் பேச்சு. அறிவுரை மழை பொழிவார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவர் பேசுவது குறைவு. பேசவேண்டியவர் நீங்கள்.

ஒரு வகையில் வீட்டுப்பாடம்கூட உண்டு! 1960-களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் உருவாக்கிய முறை இது. போர்மேன் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. "என்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்" என்று மனம் சொல்கிறது. அதை நோட்டில் எழுதவேண்டும். அதற்கு என்ன ஆதாரம்? வேறு காரணம் இருக்குமா? அதையும் எழுதவேண்டும். பள்ளிக்கூடப் பாடம் போலத் தோன்றும். ஆனால் பலருக்குப் பலன் தருகிறது.

பழைய துக்கத்தைப் பேசிய அன்று மனம் இன்னும் பாரமாகலாம். அது சகஜம். நாலைந்து தடவை போயும் அவருடன் மனம் ஒட்டவில்லையா? வேறு நிபுணரிடம் போகலாம். அதில் தப்பில்லை.

குடியை நிறுத்த வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். முதல் சில நாள் டாக்டர் கண்காணிப்பு வேண்டும். கூட்டமாக உட்கார்ந்து பேசும் முறை அதற்குப் பிறகுதான்.

"கரண்டு வைப்பார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் கவலைக்கு அது கிடையாது. கடுமையான சில நோய்களுக்கு மட்டும்தான். அதையும் மயக்க மருந்து இல்லாமல் கொடுக்க 2017 சட்டம் தடை விதித்திருக்கிறது.

எங்கே போவது?

திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் ஆஸ்பத்திரியில் கேட்கலாம். கீழ்ப்பாக்கத்துக்கும் போகலாம். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. காலையில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பகலில் வீடு திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம்.

போக வெட்கமாக இருந்தால் 14416-க்கு போன் செய்யலாம். 2022 அக்டோபரில் வந்த இலவச அரசாங்க போன் இது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழ் மட்டுமல்ல, இந்தியும் உண்டு. வடக்கேயிருந்து வந்து பக்கத்து அறையில் தங்கி வேலை செய்யும் தம்பிக்கும் இந்த நம்பரைச் சொல்லுங்கள்.

முதல் தடவை போகும்போது பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இரவில் நீங்கள் தூங்குகிறீர்களா என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரையும் அழைத்துப் போங்கள். மாமியாரே வந்தாலும் சரிதான்!