பெயர் ஒன்று, வண்டி இரண்டு

1967ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் பிரான்சு நாட்டுச் சித்திரோயன் நிறுவனத்தார் டி.எஸ். என்னும் தமது மோட்டார் வண்டிக்குப் புதிய முகம் ஒன்றைக் கொடுத்தனர். பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகள். அவற்றின் மேல் உடலின் வளைவோடு ஒட்டி அமைந்த கண்ணாடி மூடி. உட்புறத்து விளக்குகள் இரண்டும் சுக்கானைத் திருப்புந்தோறும் தாமும் திரும்பி, வண்டி செல்லவிருக்கும் வளைவுக்கு முன்னதாகவே ஒளி காட்டின. அதே டி.எஸ். வண்டி கப்பலேறி அமெரிக்காவில் இறங்கியபோதோ, கண்ணாடி மூடியும் இல்லை. விளக்குகள் திரும்பவும் இல்லை.

இது செலவைக் குறைக்கும் பொருட்டுச் செய்ததன்று. விளக்கை எதனாலும் மூடலாகாது என்பது அமெரிக்கச் சட்டம். அக்காலத்தில் அந்நாட்டுக்கு ஏற்றுமதியான ஐரோப்பிய வண்டிகளைக் கூர்ந்து நோக்கினால், வேறுபாடுகளிற் பெரும்பாலானவை இத்தகைய சட்டங்களின் தழும்புகளே என்பது புலனாகும்.

விளக்கின் கதை 1940இல் தொடங்குகிறது. அவ்வாண்டு வண்டிகள் முதலாகக் கண்ணாடியும் ஒளிதெறிக்கும் கிண்ணமும் இழையும் ஒன்றாக அடைக்கப்பட்ட, ஏழங்குல வட்ட விளக்கே அமெரிக்காவில் விதியாயிற்று. அன்றைய நிலையில் அது நல்ல விதிதான். பழைய விளக்குகளின் கிண்ணங்கள் ஈரம் புகுந்து மங்கிப்போவது வழக்கம்; புதியது அவ்வாறு மங்கவில்லை. எந்த ஊரிலும் மாற்று விளக்குக் கிடைத்தது. ஆனால், சட்டமானது பயனை மாத்திரம் கட்டளையிடாது உருவத்தையும் கட்டளையிட்டுவிட்டது. இடையில் நான்கு சிறு வட்டங்களும் பின்னர் நீள்சதுரங்களும் அனுமதிக்கப்பட்டனவேயன்றி, அடைத்த விளக்கென்னும் விதி 1983 வரை தளரவில்லை. ஐரோப்பியர் கூரிய ஒளிவரம்புடைய விளக்குகளைச் செய்து முன்னேறிய காலத்தில், அமெரிக்கர் பழைய விளக்கோடு இரவில் ஓட்டினர். பாதுகாப்புக்கென இயற்றிய சட்டம் பாதுகாப்பையே பின்தங்க வைத்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அமெரிக்கா எப்போதும் பின்தங்கியதென எண்ணிவிடவும் கூடாது. வொக்ஸ்வாகன் பீற்றில் வண்டி 1955இலேயே அந்நாட்டுக்கு மின்னித் திருப்பங் காட்டும் விளக்குகளோடு சென்றது. ஐரோப்பியருக்கான பீற்றிலோ, 1960 வரை கதவுத் தூணிலிருந்து நிமிரும் சிறு கைகாட்டியையே நீட்டிக்கொண்டிருந்தது.

1973இல் வந்தது பம்பர்ச் சட்டம். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய உறுப்புகளுக்குச் சேதம் வரலாகாது என்றனர்; மறு ஆண்டு பின்புறத்துக்கும் அதே அளவை விதித்தனர். மெல்லிய பளபளப்பான பம்பர்கள் மறைந்து, முன்னும் பின்னும் துருத்திய பெரும் பம்பர்கள் வந்தன. ஜேர்மானிய மேர்சிடிஸ் வண்டிகளின் ஒய்யாரம் இதனாற் குலைந்ததென்று அன்பர்கள் இன்றும் நொந்துகொள்வர். இங்கிலாந்தின் எம்.ஜி.பி. வண்டிக்கு நேர்ந்தது அதனினும் விசித்திரம். சட்டத்துக்கேற்பக் கரிய பெரும் பம்பரைப் பொருத்தி, உடலையும் சற்றே உயர்த்தினர். இருவகை வண்டி செய்வது கட்டுப்படியாகாதென்று, 1974 முதல் உள்நாட்டாருக்கும் அதையே விற்றனர். வளைவுகளில் முன்னினும் சாயும் வண்டியை, அமெரிக்காவைக் கண்ணாற் காணாத ஆங்கிலேயரும் ஓட்ட நேர்ந்தது!

இயந்திரத்தின் வலுவிலும் வேறுபாடு உண்டு. ரயம்ப் டி.ஆர்.6 வண்டி தாய்நாட்டிற் பெற்றோலைப் பீச்சும் அமைப்போடு, 150 குதிரைவலு உடையதென விளம்பரமாயிற்று. அமெரிக்கா சென்றதோ இரண்டு காபரேற்றர்களோடு, நூறுக்குச் சற்று மேற்பட்ட வலுவையே பெற்றிருந்தது. வலுவை அளக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டதால் இவ்வெண்களை அப்படியே ஒப்பிடுதல் சரியன்று. ஆயினும் குறைவு உண்மையே. புகைக் கட்டுப்பாடே அதற்குக் காரணம். 1970இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1975 முதல் பெரும்பாலான வண்டிகளின் புகைக்குழாயில் நச்சுவாயுவை மாற்றும் கருவி அமர்ந்தது. ஈயங் கலந்த பெற்றோல் அக்கருவியைக் கெடுத்துவிடும். ஆதலால் ஈயமற்ற பெற்றோல் அங்கே பரவியது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு ஈயம் என்பதை நினைக்குமிடத்து, குதிரைவலு குறைந்ததற்காக வருந்துவோரோடு சேர்ந்து வருந்த என்னால் இயலவில்லை. நம் இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலேதான் நிறுத்தப்பட்டது.

வலுக்குன்றிய வண்டியை ஏற்க மனமில்லாத அமெரிக்கச் செல்வர் சிலர், 1980களின் முற்பகுதியில் ஜேர்மனியிலேயே மேர்சிடிஸ் வாங்கித் தாமாக இறக்குமதி செய்தனர். 1988இன் சட்டம் அவ்வழியைப் பெரிதும் அடைத்தது. எனினும் இருபத்தைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இன்று பழைய வண்டிகள் இரு திசைகளிலும் கடல் கடக்கின்றன. அமெரிக்க வண்டியில் ஐரோப்பியப் பம்பரும் விளக்கும் பூட்டி அழகு பார்ப்போரும் பலர்.

அழகு பார்ப்பதில் ஆபத்தில்லை. சித்திரோயனில் மாத்திரம் ஆபத்துண்டு. அவ்வண்டி எண்ணெய் அழுத்தத்தாலேயே நிற்பதும் நிறுத்துவதும் ஆகும். 1966 செப்டெம்பரிற் செந்நிறத் திரவத்தைக் கைவிட்டுப் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு ஐரோப்பிய வண்டிகளை மாற்றினர். அமெரிக்க விதி அதனை 1969 சனவரி வரை ஏற்காமையால், அங்கே சென்ற வண்டிகளிற் செந்நிறமே நீடித்தது. ஆக, 1968இல் ஒரே தொழிற்சாலையிற் பிறந்த இரு வண்டிகளில் ஒன்றன் குருதி சிவப்பு, மற்றதனது பச்சை. ஒன்றுக்குரியதை மற்றதில் ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் அடைப்புகள் விரைவில் அழிந்துபோகும்; நிறுத்தியும் அவற்றோடு போய்விடும். பச்சை எண்ணெய் வண்டிகளின் உறுப்புகளிற் பச்சை வர்ணம் பூசியிருப்பர். மூடியைத் திறந்து அவ்வர்ணத்தைப் பார்த்த பின்னரே எண்ணெய்ப் போத்தலைக் கையிலெடுத்தல் வேண்டும்.