தலைகீழாய் நட்ட கல்

தோற்றவனுக்கு வரலாறு உண்டா? உண்டென்றால் அதை எழுதுபவர் யார்? உரோம வரலாற்றைப் படிக்கையில் இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவன் சீசரும் அல்லன், அகஸ்டஸும் அல்லன். பாட நூல்களில் இரண்டு வரிக்கு மேல் இடம் பெறாத கரௌசியஸ் என்பவனே.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக் காலம். பரந்து கிடந்த பேரரசை ஒருவனாக ஆள இயலாதெனக் கண்ட டயோக்ளீஷியன், மேற்குப் பகுதியை மாக்சிமியனிடம் ஒப்படைத்திருந்தான். கரௌசியஸோ, இன்றைய பெல்ஜியக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த மெனாப்பியர் என்னும் இனத்தில் எளிய குடியில் பிறந்தவன். இளமையில் கப்பலில் சுக்கான் பிடித்துப் பிழைத்தவன். 286இல், இன்று பிரான்சு என வழங்கும் நாட்டில் எழுந்த கலகத்தை அடக்கிய போரில் பெயர் பெற்றான். அதன் பின், பிராங்கியரும் சாக்சனியரும் கடற்கரைகளைச் சூறையாடி வந்ததைத் தடுக்க, பூலோன் துறைமுகத்தில் கப்பற்படைத் தலைமை அவனுக்குக் கிட்டியது.

அங்கேதான் பழி பிறந்தது. கொள்ளையரை முதலில் கொள்ளையடிக்க விட்டு, திரும்பும் வழியில் மடக்கி, அப்பொருளை உரியவரிடமும் சேர்க்காமல் அரசனுக்கும் அனுப்பாமல் தானே வைத்துக்கொண்டான் என்றனர். மாக்சிமியன் கொலைத் தண்டனை விதித்தான். செய்தி எட்டியதும் கரௌசியஸ் பிரித்தானியாவைக் கைப்பற்றித் தன்னையே பேரரசனென அறிவித்துவிட்டான்.

289இல் மாக்சிமியனின் அவையில் நின்ற புகழ்ச்சியுரையாளர், புதிய கப்பற்படை கட்டப்படுவதையும் வெற்றி நெருங்குவதையும் முழங்கினார். அடுத்து 291இல் எழுந்த புகழ்ச்சியுரையில் அந்தப் படையெடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை! தோல்வியை இதைவிடத் தெளிவாக எவரால் கூற முடியும்? அவ்வுரையாளர்கள் கரௌசியஸின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. 'கடற்கொள்ளைக்காரன்' என்பதே அவர்கள் அவனுக்கு இட்ட பெயர்.

அவன் தரப்பைச் சொல்ல ஏடு எதுவும் எஞ்சவில்லை, நாணயங்கள் எஞ்சின. உரோமின் நாணயம் வெள்ளி பூசிய செம்பாய்த் தாழ்ந்திருந்த நாளில், அவன் நல்ல வெள்ளியில் காசு அடித்தான். ஒரு காசில் பிரித்தானியா என்னும் நங்கை அவனைக் கைபற்றி வரவேற்கிறாள். சில காசுகளில் 'ஆர்.எஸ்.ஆர்.' என மூன்று எழுத்துகள் உள்ளன. நெடுங்காலம் விளங்காதிருந்த அவை, வெர்ஜிலின் நான்காம் முல்லைப்பாட்டில் பொற்காலம் திரும்புவதைக் கூறும் சொற்களின் முதலெழுத்துகள் என்று 1990களின் இறுதியில் ஆய்வாளர் கை டி லா பெடோயர் விளக்கினார். கொள்ளைக்காரன் எனப்பட்டவன், உரோமின் பெருங்கவியைத் தன் காசில் பொறித்தான்!

ஆனால் காசும் முழு உண்மை பேசுவதில்லை. மற்றொரு காசில் டயோக்ளீஷியன், மாக்சிமியன், தான் என மூவர் முகங்களையும் பொறித்து, 'கரௌசியஸும் அவன் உடன்பிறந்தாரும்' என எழுதினான். தன் தலையைக் கேட்டவனையே உடன்பிறந்தான் என்றான். அது ஆசை, நிகழ்ச்சி அன்று.

293இல் கான்ஸ்டான்டியஸ், துறைமுக வாயிலில் அணை கட்டிக் கப்பல்கள் வரவொட்டாமல் தடுத்துப் பூலோனைப் பிடித்தான். அதே ஆண்டில் கரௌசியஸைக் கொன்றவனோ பகைவன் அல்லன். அவனிடம் பணிபுரிந்த அலெக்டஸ். அவனும் மூன்றாண்டே ஆண்டான். 296இல் பிரித்தானியா மீண்டும் உரோமின் கைக்குப் போயிற்று.

1894இல், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கார்லைல் நகருக்கு அருகே, ஆற்றுப் படுகையில் ஒரு மைல்கல் கிடைத்தது. அதன் ஒரு முனையில் கரௌசியஸின் பெயர். மறுமுனையில் கான்ஸ்டான்டியஸின் மகன் கான்ஸ்டன்டைனின் பெயர். பழைய கல்லைத் தலைகீழாய் நட்டுப் புதியவன் பெயரை வெட்டியிருக்கின்றனர். மண்ணுக்குள் போனதால்தான் பழைய பெயர் அழியாமல் பிழைத்தது! அவன் பெயர் தாங்கி நமக்குக் கிடைத்துள்ள கல்வெட்டு அது ஒன்றே.

கரௌசியஸ் கள்வனா, காவலனா? புகழ்ச்சியுரையை மட்டும் படித்தால் கள்வன். காசை மட்டும் பார்த்தால் காவலன். வரலாற்று மாணவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். கல்லின் மேல்முனையைப் படித்ததோடு நின்றுவிடாமல், மண்ணில் புதைந்த முனையையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.