பெருந்தோட்ட முகாமையின் மறுசீரமைப்பு: மாறியதும் மாறாததும்

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் தொழிலாளரின் வருகையிலிருந்தே தொடங்குவர். அவர்களை ஆண்ட முகாமையின் வரலாறும் அதேயளவு கவனத்துக்குரியதாகும். 1975 தொடக்கம் அம்முகாமையின் உச்சி மூன்று முறை மாற்றியமைக்கப்பட்டது. அம்மாற்றங்கள் எவர் நலனை ஒட்டி நிகழ்ந்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்ற ஆட்சிக்காலத்திலே பெருந்தோட்டங்களிற் பெரும்பாலானவை இலண்டனிற் பதிவுபெற்ற ஸ்டேர்லிங் கம்பனிகளுக்கும் கொழும்பிற் பதிவுபெற்ற ரூபாக் கம்பனிகளுக்கும் உரியனவாயிருந்தன. அவற்றைக் கொழும்பு முகவர் நிறுவனங்கள் நிருவகித்தன. தோட்டத்திலே பெரிய துரை, சின்னத் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிவரிசை நிலவிற்று. கட்டளை மேலிருந்து இறங்கிப் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலையாகும். உபரி கீழிருந்து மேலேறிக் கடல் கடக்கும்.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணியுடைமையை 50 ஏக்கருக்கு மட்டுப்படுத்தியது. கம்பனித் தோட்டங்கள் 1975 ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே அரசுடைமையாயின. காலப்போக்கில் அவற்றிற் பெரும்பாலானவை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையினதும் கீழ் வந்தன. இது முதலாவது மாற்றம். ஆயின் அரசுடைமை வேறு, உழைப்போர் உடைமை வேறு. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வழங்க முற்பட்டபோது, அதனை எதிர்த்த தொழிலாளர் மீது 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திற் பொலிசார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். தோட்டம் ‘மக்கள்’ பெயரில் இருந்தபோதும் அம்மக்களுள் தொழிலாளி அடங்கவில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இரு கூட்டுத்தாபனங்களின் நட்டத்தைக் காரணங்காட்டி, 1992 இல் தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகத் தொகுக்கப்பட்டன. உடைமை அரசிடமிருக்க, முகாமை மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் சென்றது. குறுகிய காலத்துக்குப் பொறுப்பேற்றவர், பலன் தரப் பல்லாண்டாகும் மறுநடுகையில் முதலிடத் தயங்குவது இயல்பே. எனவே 1995 முதற் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டன. காணி நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கப்பட்டது.

இவ்வாறு பல்துறைக் கைத்தொழிற் குழுமங்கள் மலையகத்தில் வேரூன்றின. ஹேலிஸ் குழுமம் இதற்குத் தக்க சான்றாகும். 1878 இற் காலியில் தோன்றிய அந்நிறுவனம் தும்பு ஏற்றுமதியிலிருந்து வளர்ந்தது. சிரட்டைக் கரியிலிருந்து செயற்படுத்திய காபனையும், இறப்பர்க் கையுறைகளையும் உற்பத்தி செய்கிறது. நுவரெலியாவின் பெட்ரோ தோட்டத்தை உள்ளடக்கிய களனிவெளிப் பெருந்தோட்டக் கம்பனியும், தலவாக்கலைக் கம்பனியும் அக்குழுமத்தைச் சேர்ந்தவையே. அத்தகைய குழுமத்தின் பணிப்பாளர் சபைக்குத் தேயிலை பல துறைகளுள் ஒன்று. முதலை எத்துறைக்குத் திருப்புவது என்ற தீர்மானம் கொழும்பில் எடுக்கப்படுகிறது. அதன் விளைவு லயத்தில் உணரப்படுகிறது.

வெள்ளையர் போயினர், அதிகாரிகள் வந்தனர், நிறைவேற்று அலுவலர் வந்தனர். எனினும் ‘துரை’ என்ற சொல் மறையவில்லை. சொல்லின் நிலைபேறு வெறும் பழக்கமன்று; உற்பத்தி உறவின் நிலைபேற்றையே அது காட்டுகிறது. எவ்வளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்பதை மேலேயுள்ளவரே வரையறுக்க முயல்கின்றனர். 2021 இற் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியபோது, கம்பனிகள் கூட்டொப்பந்தத்திலிருந்து விலகின. கொழுந்தின் நிறையே பிணக்கின் மையமாயிற்று.

சில கம்பனிகள் இன்று தேயிலைச் செடிகளைத் தொழிலாளரிடம் பகுதி பகுதியாக ஒப்படைத்து, கொழுந்தின் நிறைக்கேற்பப் பணம் தரும் முறையை முன்வைக்கின்றன. இம்முறை உச்சியையன்றி அடியையே மாற்றுகிறது. காணியுரிமை கைமாறாது, சேமலாப நிதி முதலிய உரிமைகள் மட்டும் நழுவுமாயின், தொழிலாளி சிறு விவசாயியாவதில்லை. பாதுகாப்பற்ற தொழிலாளியாகவே எஞ்சுவார். எனவே எம்மறுசீரமைப்பையும் நாம் இரு வினாக்களாலேயே மதிப்பிட வேண்டும்: காணி எவருடையது? முழுப்பேரின் அளவை வகுப்பவர் யார்?