பெர்லினில் தனியாக ஒரு கே பயணி: எங்கே போகலாம், எதில் உஷாரா இருக்கணும்?

வேலை கிடைச்சாச்சு, லீவு கிடைச்சாச்சு, ஐரோப்பா போகணும். ஆனா வீட்டில் யாருக்கும் நம்ம விஷயம் தெரியாது, கூட வரவும் ஆள் இல்லை. இப்படி யோசிக்கும் தன்பாலீர்ப்பாளர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று ஜெர்மனியின் தலைநகர் பெர்லின். தனியாகப் போனால் பாதுகாப்பா? விசாவில் ஏதாவது கேட்பாங்களா? பார்ட்டி தவிர அங்கே வேறென்ன இருக்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விசாவில் இதெல்லாம் கேட்பாங்களா?

கேட்க மாட்டாங்க. ஷெங்கன் விண்ணப்பத்தில் திருமணமானவரா இல்லையா என்ற கேள்வி உண்டு. பாலின ஈர்ப்பு பற்றி எந்தக் கேள்வியும் கிடையாது. தனியாகப் பயணம் செய்யும் திருமணமாகாத இளைஞர் என்றால் அதிகாரிகள் பார்ப்பது வேறு விஷயம்: இவர் திரும்பி வருவாரா? அதனால் அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு இந்த மூன்றும் பக்காவாக இருக்கணும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை தள்ளிப் போடாதீங்க.

பலர் யோசிக்காத ஒன்று, போகும் வழி. சென்னையிலிருந்து பெர்லினுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய், அபுதாபி வழியாகத்தான் நிறைய பேர் ஐரோப்பா போகிறார்கள். அந்த நாடுகளில் தன்பாலின உறவு இன்னமும் சட்டப்படி குற்றம். விமானம் மாறும் பயணிகளை யாரும் விசாரிப்பது வழக்கமில்லை என்றாலும், அந்த சில மணி நேரத்துக்கு டேட்டிங் ஆப்களைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பெர்லினுக்கு ஏன் இவ்வளவு பெயர்?

இது நேற்று வந்த பெயர் இல்லை. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு என்ற மருத்துவர் 1919-ல் இங்கே பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பு நோயோ குற்றமோ இல்லை என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். உலகப் பயணத்தின் போது 1931-ல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1933 மே 6-ம் தேதி நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அதன் புத்தகங்கள் நகரின் நடுவில் எரிக்கப்பட்டன. அப்போது வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்டு கடைசி வரை ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. 1935-ல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார்.

புத்தகங்கள் எரிந்த இடத்தின் இன்றைய பெயர் பேபல்பிளாட்ஸ். தரையில் ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் கீழே காலி புத்தக அலமாரிகள் மட்டும் தெரியும். பகலில் கண்ணாடியில் நம்ம முகம்தான் தெரியுது. இருட்டிய பிறகு போங்க.

ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-வது பிரிவை நாஜிகள் 1935-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இதைவிட அதிர்ச்சியான விஷயம், போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி அதே நாஜி காலச் சட்டத்தை 1969 வரை வைத்திருந்தது. அந்தப் பிரிவு மொத்தமாக நீக்கப்பட்டது 1994-ல்தான். தன்பாலினத் திருமணம் 2017 அக்டோபரில் சட்டமானது. நம்ம ஊரில் 377-வது பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018-ல். "அவங்க எங்கேயோ இருக்காங்க" என்று நினைப்பவர்கள் இந்த வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கே தங்கலாம்?

முதல் முறை என்றால் ஷோனபெர்க் பகுதி. நோலன்டோர்ஃப்பிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினாலே போதும். யூ1, யூ2, யூ3, யூ4 நான்கு மெட்ரோ லைனும் அங்கே நிற்கும். ஸ்டேஷன் சுவரில் இளஞ்சிவப்பு முக்கோண வடிவில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. வதை முகாம்களில் தன்பாலீர்ப்பாளர்களின் சட்டையில் தைக்கப்பட்ட அடையாளம் அது. கொஞ்சம் தள்ளி மோட்ஸ் தெரு. 1920-களில் ஊரே பேசிய எல்டொராடோ நடன விடுதி இருந்த இடம். ஹிட்லர் வந்ததும் அதே கட்டடத்தில் நாஜி கொடி தொங்கிய புகைப்படம் பிரபலம். எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் வாழ்ந்த வீடு நோலன்டோர்ஃப் தெரு 17-ம் எண்ணில் இருக்கிறது. அதே மோட்ஸ் தெருவில் 1978-ல் தொடங்கிய ஐசன்ஹெர்ட்ஸ் புத்தகக் கடையும் உண்டு. தனியாக வந்தவர் முதல் நாள் கூச்சத்தோடு பாருக்குள் நுழைவதைவிட இங்கே அரை மணி நேரம் நிற்பது சுலபம்.

ஆலோசனை தேவைப்பட்டால் பக்கத்திலேயே மான்-ஓ-மீட்டர் என்ற மையம் இருக்கிறது. லுட்சோ தெருவில் ஷ்வூலஸ் மியூசியம், 1985-ல் தொடங்கப்பட்டது. இதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்க.

உண்மையில் பாதுகாப்பா?

பெரும்பாலும் ஆமாம், முழுசா இல்லை. டியர்கார்டன் பூங்காவில் நாஜிகளால் துன்புறுத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கு 2008 மே மாதம் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. கான்கிரீட் பெட்டி போல இருக்கும், அதன் ஜன்னல் வழியாக முத்தமிடும் ஜோடியின் வீடியோ ஓடும். திறந்த சில மாதங்களிலேயே அந்த ஜன்னலை யாரோ உடைத்தார்கள், அதற்குப் பிறகும் தாக்குதல்கள் நடந்தன. வெளிப்படையாக கே என்று சொன்ன மேயர் 13 ஆண்டுகள் ஆண்ட ஊரில்தான் இதுவும் நடக்கிறது. ஷோனபெர்க்கில் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நள்ளிரவு ரயிலில் அப்படிச் சொல்ல முடியாது.

தாக்குதலோ மிரட்டலோ நடந்தால் போலீஸ் எண் 110, ஆம்புலன்ஸுக்கு 112. பெர்லின் போலீஸில் எல்ஜிபிடி மக்களுக்கென தனி தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். மானியோ என்ற அமைப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிறது. புகார் கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து நம்ம ஆட்கள் பேசாமல் வந்துவிடுவதுண்டு. அங்கே வயது வந்தவர்களின் புகாரை போலீஸ் பெற்றோருக்குத் தெரிவிக்காது.

ஆப்பில் பேசியவரை முதலில் காபி கடையில் சந்தியுங்க, நேராக ஹோட்டல் அறைக்குக் கூப்பிடாதீங்க. தங்கும் இடத்தின் முகவரியை நம்பிக்கையான ஒரு நண்பருக்காவது அனுப்பி வையுங்க. கிளப்பில் கிளாஸைக் கையிலேயே வைத்திருங்க. பானத்தில் மயக்க மருந்து கலப்பது பெர்லினில் உண்மையிலேயே நடக்கும் பிரச்னை. பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்துவிட்டால் எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்க.

போட்டோ வெளியே வந்துடுமோ?

வீட்டில் சொல்லாதவர்களின் பெரிய பயம் இதுதான். இந்த ஊர் கிளப்களின் ஒரு வழக்கம் இங்கே கைகொடுக்கும். பெர்க்ஹைன் போன்ற இடங்களில் வாசலிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே படம் எடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பெர்க்ஹைன் வாசலில் திருப்பி அனுப்பினாலும் மனசை விட்டுடாதீங்க, அங்கே அது தினசரி நடப்பது. வெள்ளை முகங்களுக்கு நடுவில் தனியாக நிற்பது போல் தோன்றினால் குரோய்ட்ஸ்பெர்க்கில் எஸ்ஓ36 அரங்கில் நடக்கும் கேஹானே பார்ட்டியைத் தேடிப் பாருங்க. துருக்கி, அரபு இசைக்கு ஆடும் இடம். ஜூலையில் நடக்கும் பிரைடு ஊர்வலம் இதற்கு நேர் எதிர். அங்கே கேமராக்கள் எல்லாப் பக்கமும் இருக்கும், அது தெரிந்தே போகணும்.

சின்ன விஷயங்கள் சில. விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் ஏபிசி டிக்கெட் எடுக்கணும். காகித டிக்கெட்டை பிளாட்ஃபார்ம் மெஷினில் முத்திரை குத்தாமல் ஏறினால் 60 யூரோ அபராதம். பல பார்களில் கார்டு எடுக்க மாட்டார்கள், கையில் காசு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். தனிமை அன்றைக்குத்தான் கொஞ்சம் உறைக்கும். அன்று சாயங்காலம் டெம்பல்ஹோஃப் போங்க. பழைய விமான நிலையம், இப்போது பூங்கா. ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பட்டம் விடுகிறவர்கள், தனியாகப் படுத்துக் கிடக்கிறவர்கள் என நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள். சூரியன் மறையும் நேரத்தில் கேட்டை மூடிவிடுவார்கள், நேரத்தை வாசல் பலகையில் பார்த்துக்கோங்க.