பதில் வராதவர்களின் பாதுகாவலி

தொண்டை வலிக்குப் புனித பிளாசியார். தொலைந்த பொருளுக்கு அந்தோனியார். எல்லாரும் கைவிட்ட காரியத்துக்கு யூதா ததேயு. எந்தக் குறைக்கும் கத்தோலிக்கரிடம் ஒரு பாதுகாவலர் உண்டு. கடவுள் இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிப் போனவர் யாரிடம் மன்றாடுவார்?

பெரும்பாலோர் உடனே தோமாவைச் சொல்வார்கள். சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை என்று சென்னையின் பாதி அவர் நினைவைச் சுமக்கிறது. உயிர்த்த இயேசுவின் ஆணித் தழும்பில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் என்பதால் 'சந்தேகத் தோமா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீடர்கள் தயங்கியபோது, நாமும் போய் இயேசுவோடு சாவோம் என்றவர் அவர்தான். யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யாரும் நினைவில் வைப்பதில்லை.

ஆனாலும் தோமா கொடுத்துவைத்தவர். கேட்ட எட்டாம் நாள் இயேசு நேரில் வந்து நின்றார். எட்டு வருடம் கேட்டும் ஒன்றும் வராதவர்களுக்கு, பிரான்சின் லிசியே நகரில் கார்மேல் மடத்துக்குள் அடைந்து கிடந்த ஓர் இளம்பெண்ணே நெருக்கமானவர் என்பேன்.

சிறுமலர் என்று நாம் செல்லமாக அழைக்கும் குழந்தை தெரேசா 1873இல் பிறந்தவர். 15 வயதில் மடத்தில் சேர்ந்தார். ரோஜாப்பூக்களும் சிலுவையும் ஏந்திப் புன்னகைக்கும் அந்தப் படம் பல கத்தோலிக்க வீடுகளில் தொங்குகிறது. அந்தப் புன்னகைக்குப் பின்னால் நடந்தது வேறு.

1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. காசநோய். விண்ணகம் நெருங்கிவிட்டது என்று முதலில் மகிழ்ந்தார். சில நாள்களிலேயே, உயிர்ப்புக் காலத்தின் நடுவில், அந்த விண்ணகமே இல்லையோ என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. சாவுக்குப் பின் ஒன்றுமில்லை, இதைவிடக் கெட்டியான இருட்டுதான் என்று உள்ளே ஒரு குரல் கேலி செய்தது. அதுவரை, உண்மையான நாத்திகர் என்று யாரும் இருக்க முடியாது, மனசாட்சிக்கு விரோதமாகத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தவர் அவர். இப்போது அவர்கள் பந்தியிலேயே தானும் உட்கார்ந்திருப்பதாக எழுதினார். மேலே விவரித்தால் தெய்வநிந்தனை ஆகிவிடும் என்று பயந்து நிறுத்தியும்கொண்டார்.

போதாக்குறைக்கு ஒரு மோசடி வேறு. டயானா வாகன் என்ற பெண் சாத்தான் வழிபாட்டிலிருந்து மனம்திரும்பியதாகப் பிரான்சு முழுக்கப் பேச்சு. மடத்திலும் நம்பினார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தில் தெரேசா எடுத்துக்கொண்ட புகைப்படம் அவளுக்குப் போனது. 1897 ஏப்ரல் 19இல் லியோ தாக்சில் என்ற எழுத்தாளர் பாரிசில் கூட்டம் கூட்டி, அப்படியொரு பெண்ணே இல்லை, எல்லாம் என் கற்பனை என்று சிரித்தார். மேடையில் காட்டப்பட்டது தெரேசாவின் அதே படம். இல்லாத ஒருத்திக்காகச் செபித்திருக்கிறோம் என்று தெரியவந்தபோது, கடவுளைப் பற்றியே ஐயத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? டயானாவின் பெயரில் வந்த கடிதத்தைக் கிழித்துக் குப்பைமேட்டில் எறிந்தார்.

விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்திருந்தார். இருட்டு விலகவில்லை. 1897 செப்டம்பர் 30இல் இறந்தபோது வயது 24.

1925இல் புனிதர் பட்டம். 1927இல், மடத்தை விட்டு வெளியே வராத அவரை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி ஆக்கினார்கள். ஐயப்படுவோருக்கு அவரைப் பாதுகாவலியாக அறிவித்த ஆணை எதுவும் இல்லை. அதனால் என்ன? தேவைப்பட்டவர்கள் தாங்களாகவே அவரைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அவர் பெயரைத் தன் துறவறப் பெயராக ஏற்றவர்களில் ஒருவர் கல்கத்தாவின் அன்னை தெரசா. பல பத்தாண்டுகள் தானும் அதே இருட்டில் இருந்ததாக ஆன்ம குருக்களுக்கு எழுதி, அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் அழிக்கவில்லை. 2007இல் அவை புத்தகமாக வந்தபோது, உள்ளே நம்பிக்கை இல்லாமல் வெளியே வேடம் போட்டாரா என்று கேட்டவர்கள் உண்டு. அவற்றைத் தொகுத்து வெளியிட்டவர் எதிரியல்லர். அன்னையின் புனிதர் பட்டத்துக்காக உரோமையில் வாதாடிய அருட்தந்தை பிரையன் கொலோடியச்சுக்தான் அவர். 2016 செப்டம்பர் 4இல் பட்டமும் கிடைத்தது.