ஸ்லைடரை எங்கே நிறுத்துவது?

செட்டிநாட்டு வீட்டின் வளவைப் படம் பிடிப்பது கேமராவுக்குத் தண்டனை. நடுவில் திறந்த முற்றம், அதில் உச்சிவெயில். சுற்றியுள்ள தாழ்வாரமோ பகலிலேயே மங்கல். வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், உள்ளறையில் நூறு தேறினால் அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு; ஆக, கேமராக்காரர்களின் கணக்கில் பத்து ஸ்டாப். தேக்குத் தூணின் செதுக்கல் தெரியும்படி எக்ஸ்போஷர் வைத்தால் முற்றம் வெள்ளைத் தாளாகிவிடும். முற்றத்துக்கு வைத்தால் தூண்கள் இருட்டில் மறைந்துவிடும்.

இந்த இக்கட்டுக்குக் கிடைத்த வழிதான் எச்.டி.ஆர். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதே காட்சியை இருட்டாக, அளவாக, வெளிச்சமாக என்று மூன்றோ ஐந்தோ தடவை எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒழுங்காகப் பதிந்த பகுதிகளை மென்பொருள் ஒன்றுசேர்த்துக் கொடுக்கும். அதுவரை வம்பில்லை. அதன் பிறகு வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்கள் கையில் கிடைக்கின்றன.

இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பளிங்குச் சுவர், கரித்துணியால் துடைத்தது போல் சாம்பல் பூத்துப் போகும். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் கண்ணைக் குத்தும். ஓட்டு விளிம்பை ஒட்டி வானத்தில் ஒரு வெண்பட்டை ஓடும். பளீரென்று வெயிலடித்த நாளில் வானம் புயல் கோலம் பூணும். எல்லாவற்றையும்விட விசித்திரம், தூண்களின் நிழல்களைக் காணோம். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதே பித்தலாட்டம் என்பவர்கள் உண்டு. அவர்களுடைய வாதம் 1851-இலேயே தோற்றுவிட்டது. அந்த ஆண்டு பிரெஞ்சு அரசு தன் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய ஐந்து புகைப்படக்காரர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான எத்வார் பல்தூஸ், ஆர்ல் நகரின் சேன் ட்ரோஃபீம் மடத்துத் தூண் நடையை எடுக்க முயன்றார். உள்ளே இருட்டு, வெளியே வெயில். நம் வளவுச் சிக்கலேதான். ஏறத்தாழ பத்துக் காகித நெகட்டிவ்களின் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக்கினார். ஓவியப் பயிற்சி பெற்றவர் என்பதால், ஒட்டுத் தெரிந்த இடங்களைத் தூரிகையால் சரிசெய்தார். அந்தப் படத்தை இன்று யாரும் பொய் என்று சொல்வதில்லை. காரணம், அதில் தூண் தூணாகவும் நிழல் நிழலாகவும் இருக்கிறது.

எண்ணியல் காலத்திலும் இந்த வித்தையின் முக்கியமான சோதனை ஒரு கட்டடத்துக்குள்தான் நடந்தது. 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தேவாலயத்தின் உட்புறம் வருகிறது. வண்ணக்கண்ணாடி ஜன்னலுக்கு நேர் பின்னால் சூரியன். 30 விநாடியில் தொடங்கி, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து 16 படங்கள். அவற்றிலிருந்து அந்த இடத்தின் உண்மையான வெளிச்ச அளவுகளைக் கணக்கிட்டு எடுத்தார்கள்.

கணக்கு கிடைத்துவிட்டது. அதைக் காட்ட இடம்? அச்சிட்ட தாளில் மிக வெளுத்த புள்ளிக்கும் மிகக் கறுத்த புள்ளிக்கும் நூறு மடங்கு வித்தியாசம் கிடைப்பதே பெரிய பாடு. ஆகவே பெரிய வீச்சைச் சிறியதற்குள் நெருக்கிக் கொண்டுவர வேண்டும். இதுதான் டோன் மேப்பிங். படம் முழுவதையும் ஒரே விதிப்படி நெருக்கினால் காட்சி சப்பென்று போகும். அதனால் இடத்துக்கு இடம் விதியை மாற்றுகிறார்கள். ஒரு புள்ளி எவ்வளவு மங்க வேண்டும் என்பதை அதன் அக்கம்பக்கத்தின் சராசரி வெளிச்சம் தீர்மானிக்கிறது. வானத்தின் நடுவில் உள்ள புள்ளிக்குச் சுற்றிலும் வானம்தான், நன்றாக மங்குகிறது. கூரையை ஒட்டிய வானப்புள்ளிக்கு ஒரு பக்கம் இருண்ட கட்டடம். சராசரி இறங்கிவிடுவதால் அது போதுமான அளவு மங்குவதில்லை. ஓட்டு விளிம்பில் பார்த்த அந்த வெண்பட்டை, அதாவது ஹாலோ, இப்படித்தான் பிறக்கிறது.

2002-இல் எரிக் ரைன்ஹார்ட் குழு தந்த டோன் மேப்பிங் முறை, புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் இருட்டறையில் பழக்கிய மண்டல முறையை அடியொற்றியது. அடக்கமான படங்களைத் தருவது. ஆனால் சந்தை வேறு பக்கம் போயிற்று. ஃபோட்டோமேட்டிக்ஸ் என்ற மென்பொருள் வந்தது, 2005-இல் ஃபோட்டோஷாப்பிலும் எச்.டி.ஆர். சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகள் இணையமெங்கும் கைவிடப்பட்ட ஆலைகளும் ஐரோப்பியத் தேவாலயங்களும் வீடியோ கேம் காட்சிகளாக மின்னின. முதல் பத்துப் படங்களுக்கு அசத்தல். நூறாவது படத்தில் கண் கெஞ்சும்.

அப்படியானால் எல்லைக்கோடு எது? எத்தனை படம் சேர்த்தது, எந்த மென்பொருள் என்பதெல்லாம் பொருட்டே அல்ல. வெளிச்சத்தின் வரிசை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நேரில் ஜன்னல்தான் சுவரைவிடப் பிரகாசம்; படத்திலும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கலாம், வரிசையைப் புரட்டக் கூடாது. விரிசல், கல்வெட்டு, கசிவு என்று மூலைமுடுக்கெல்லாம் தெரிய வேண்டிய பராமரிப்புப் பதிவுகளுக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு வேண்டாம். அங்கே படம் தட்டையாக இருந்தாலும் தகவல்தான் முக்கியம்.

சில கட்டடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஜப்பானின் இபராக்கியில் ததாவோ ஆண்டோ 1989-இல் கட்டிய ஒளித் தேவாலயம் வெறும் கான்கிரீட் பெட்டி. பீடத்துக்குப் பின்சுவரில் சிலுவை வடிவில் பிளவு. அதன் வழியே வெளிச்சம் உள்ளே வரும். அந்த வழிபாட்டிடத்தின் பெரிய அலங்காரமே அதுதான். இங்கே ‘ஷேடோ’ ஸ்லைடரை ஏற்றினால் கான்கிரீட்டின் அச்சுத் தழும்புகள் துல்லியமாகத் தெரியும், சிலுவை சாதாரண ஜன்னலாகும். கட்டியவர் காசு கொடுத்து வாங்கிய இருட்டு அது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் எடுத்த கேஸ் ஸ்டடி 22-ஆம் எண் வீட்டுப் படம் இன்னொரு பாடம். மலைவிளிம்பில் தொங்கும் கண்ணாடி அறை, உள்ளே இரண்டு பெண்கள், கீழே நகரத்தின் விளக்குகள். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு நகரத்தைப் பல நிமிடங்கள் பதிவாக விட்டார். பிறகு உள்ளே ஃபிளாஷ் அடித்து அதே ஃபிலிமில் அறையைப் பதித்தார். இரண்டு வெளிச்சம், ஒரே ஃபிலிம், ஸ்லைடரே கிடையாது. நகரம் இருட்டாகவே இருக்கிறது. அதனால்தான் அறை மிதக்கிறது.

வீடு விற்பவர்களின் உலகில் இதெல்லாம் எடுபடாது. அங்கே எல்லா அறையும் பளிச்சென்று இருந்தாக வேண்டும், ஜன்னலுக்கு வெளியே நீல வானமும் தெரிய வேண்டும். கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டப்படி, விற்பனை வீட்டின் படத்தில் சுவரின் நிறத்தையோ ஜன்னல் வழியே தெரியும் காட்சியையோ மாற்றினால் அதைச் சொல்லியாக வேண்டும். அசல் படத்தையும் பார்க்கத் தர வேண்டும். வீட்டின் தோற்றத்தைத் திரிக்காதவரை எக்ஸ்போஷர், வெளிச்சம், நிறச் சமன் போன்ற வழக்கமான திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. எந்த அளவு வெளிச்சம் ஏற்றினால் திரிப்பு என்பது விற்பவர், வாங்குபவர் இடையிலான வழக்கு. படத்தில் பட்டப்பகலாக மின்னிய கூடத்துக்குள் பகல் பதினொரு மணிக்கு நுழைபவர் முதலில் சொல்லப்போவது, “கொஞ்சம் லைட்டைப் போடுங்க” என்பதாகத்தான் இருக்கும்.