சின்னக் குழந்தைக்கு விளையாட இடம் எது?

நடக்கத் தொடங்கிய குழந்தை ஓரிடத்தில் உட்காராது. ஓடும், விழும், மறுபடி எழுந்து ஓடும். 1 முதல் 4 வயது வரை உள்ள குழந்தை தினமும் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது.

எங்கே ஓடவிடுவது?

தஞ்சையில் பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. 1871-72-ல் நகராட்சி அமைத்த பூங்கா அது. குத்தாலத்துக்காரர்கள் தினமும் அங்கே போக முடியுமா? முடியாது. அது ஒரு நாள் உல்லாசம். அன்றாட விளையாட்டுக்குப் பக்கத்து இடமே தேவை. தெருமுனைப் பூங்கா, பள்ளி மைதானம், கோயில் பிராகாரம் எதுவானாலும் சரி.

தண்ணீரைப் பாருங்கள்

குத்தாலம் காவிரியின் தென்கரை ஊர். சுற்றிலும் வாய்க்கால், குளம். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால், காய்ந்து கிடந்த வாய்க்காலிலும் பிறகு தண்ணீர் ஓடும். நேற்று மணல் விளையாடிய இடம், இன்று ஆபத்தான இடம்!

மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. ஒரு சாண் தண்ணீரே போதும். ஆகவே வேலியும் கதவும் உள்ள இடமே நல்லது. வேலி இருந்தாலும், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

சறுக்குமரம்

கீழே மணல் வேண்டும். சிமெண்டுத் தரை கூடாது. வெயிலில் தகரம் சுடும். முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். அதன் கால் ஓரத்தில் சிக்கினால், உங்கள் பாரத்தில் எலும்பு முறியக்கூடும்.

தெருவில் பூங்கா இல்லையா? நாலு வீட்டுத் தாய்மார்கள் சேர்ந்து பேரூராட்சியில் மனு கொடுங்கள். வேலி, மணல், நிழல் மூன்றையும் முதலில் கேளுங்கள். ஊஞ்சல் பிறகு வரட்டும்!